மன்னிப்புக்குப் பேரம்

அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கப் படித்தால் மட்டும் போதாது, படித்தவர் மாதிரி நடந்துகொள்ளவும் தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். அதற்காகக் கடைசி ஆண்டில் பொதுத் திறன் என்று ஒரு தாளைச் சேர்த்தார்கள். தப்பில்லாமல் எழுதத் தெரிய வேண்டும். தடுமாறாமல் பேசத் தெரிய வேண்டும். கணக்குப் போட, நாலு பேரோடு ஒத்துப்போக, நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சொந்தமாகச் சிந்திக்கத் தெரிய வேண்டும். சொந்தமாகச் சிந்திப்பது எப்படி என்பதற்குக் கல்லூரியே ஒரு கையேடு அச்சடித்துக் கொடுத்திருந்தது. அதை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்களுக்குச் சொந்தமாகச் சிந்தித்ததற்காக முழு மதிப்பெண்.

கையேட்டை எழுதியவர் பொருளியல் பேராசிரியர். எழுதிய நாளிலிருந்து மாணவர்களுக்கு அவரே கையேடு ஆகிவிட்டார். ‘கையேடு வருது’ என்றால் புத்தகம் வருகிறதா ஆள் வருகிறாரா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே அட்டை நிறம்.

அந்த வகுப்பில்தான் குறுக்கு படித்தாள். வீட்டில் வைத்த பேர் அது. குறுக்குக் கேள்வி என்பதைக் கூப்பிட வசதியாக வெட்டிக்கொண்டார்கள். அவளுடைய அம்மாவும் அம்மாவின் தம்பியும் சேர்ந்து ஒரு டைல்ஸ் கடை நடத்தினார்கள். குறுக்குக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு வாடிக்கையாளர் கல்லாவுக்கு முன்னால் நின்று, எதிர்க்கடையில் இதே டைல்ஸ் இதைவிட மலிவு என்று அரை மணி நேரமாக வாதாடிக்கொண்டிருந்தார். டைல்ஸ் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த குழந்தை, “அப்ப ஏன் இங்க வந்தீங்க?” என்று கேட்டது. வாடிக்கையாளர் வாதத்தை அங்கேயே விட்டார். ஒரு குளியலறைக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார். அன்று மாமா அவளைத் தோளில் தூக்கிக் கடையைச் சுற்றி வந்தார். அந்தச் சுற்றலில் கெட்டுப்போனவள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

டைல்ஸ் பதித்த தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கீழே கலவை சரியாக நிரம்பாமல் காலியாக இருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். குறுக்கு தரையை மட்டும் தட்டவில்லை, கேட்கிற பேச்சையெல்லாம் தட்டினாள்.

மாமாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவரும் அவருடைய குடையும் இல்லாமல் இந்தக் கதை முடியாது. மாமா பேரம் பேசப் பிறந்தவர். பேருந்து நடத்துனரிடம்கூட வாயெடுத்துப் பார்த்தவர். சரக்கு எடுக்க ஆலைக்குப் போனால் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். பேச்சு படியாவிட்டால் எழுந்துவிடுவார். வாசலை நோக்கி ஒரு நடை நடப்பார். அந்த நடைக்கு வீட்டில் ‘கூப்பிடு நடை’ என்று பேர். பின்னாலிருந்து கூப்பிட்டுவிட மாட்டார்களா என்று முதுகே காதாகிப் போகும் நடை அது. பெரும்பாலும் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் மோசமில்லை. குடையை நாற்காலிக் கையில் மாட்டி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாசல் தாண்டியதும் “அடடா, குடை” என்று நெற்றியைத் தட்டிக்கொண்டு திரும்பி வருவார். குடையை எடுத்த கையோடு, விட்ட இடத்திலிருந்து பேச்சையும் எடுப்பார். மழையைப் பார்த்தறியாத குடை அது. வாங்கியதிலிருந்து மறப்பதற்கு மட்டுமே பயன்பட்டது.

சரி, தேர்வுக்கு வருவோம். சிந்திக்கும் திறனுக்கு மட்டும் நேரில் கேள்வி. முதல்வரும் கையேடும் ஒரு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே போய் ஒரு அட்டையை எடுக்க வேண்டும். அட்டையில் ஒரு விளம்பர வாசகம் இருக்கும். அதை நம்புவதற்கு முன்னால் என்னென்ன கேட்பீர்கள் என்று சொல்ல வேண்டும். குறுக்குக்குப் பற்பசை வந்தது. பத்துப் பல் மருத்துவர்களில் ஒன்பது பேர் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள் என்றது அட்டை. கையேட்டில் உள்ளபடி கேட்டாள். சொல்வது யார், சொல்வதால் யாருக்கு லாபம், யாரைக் கேட்டு எண்ணினார்கள், அவர்களிடம் என்ன கேள்வி கேட்டார்கள். பேராசிரியர் தன் பிள்ளை நடை பழகுவதைப் பார்ப்பவர் மாதிரி தலையாட்டினார். கடைசியாக, நீங்களே பார்த்த ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு இதேபோல் கேட்டுக் காட்டுங்கள் என்றார்.

அவளுக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் கூந்தல் தைலத்தைச் சொன்னார்கள். கையேட்டில் எடுத்துக்காட்டாக இருந்ததும் கூந்தல் தைலம்தான். குறுக்கும் அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் முதல்வரின் தலைக்கு மேலே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பதாகை தொங்கியது. ‘எம் பட்டதாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பணியில்’ என்று தங்க எழுத்தில் மின்னியது. கண்ணுக்கு எதிரே அது தொங்கும்போது தைலத்தைத் தேடிப் போவானேன் என்று அவளுக்குத் தோன்றியது.

“இந்தத் தொண்ணூத்தாறை எடுத்துக்கறேன் சார். யாரைக் கேட்டு எண்ணினாங்க? என்னன்னு கேட்டாங்க?”

முதல்வர் தலையைத் திருப்பிப் பதாகையைப் பார்த்தார். பிறகு அவள் மெதுவாக, யாரையும் குத்திக்காட்டாத குரலில், தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவளுடைய அக்கா இதே கல்லூரியில் இரண்டு ஆண்டுக்கு முன் பட்டம் வாங்கியவள். வேலைக்கு அலைந்து அலைந்து, கிடைக்காமல் டைல்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருநாள் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. சும்மா இருக்கீங்களா என்று கேட்டார்கள். யாரைப் பார்த்து என்ன கேள்வி என்று அக்காவுக்குக் கோபம். சும்மா இல்லை, கடையில் இருக்கிறேன் என்றாள். அடுத்த மாதமே கல்லூரி நடைவழியில் அக்காவின் புகைப்படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிவிட்டது. கீழே ‘சில்லறை வணிக மேலாளர்’ என்று எழுதியிருந்தது. அப்படியானால் தொண்ணூற்றாறில் சும்மா இருக்க வெட்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்பேன் சார், என்று முடித்தாள்.

முதல்வர் நன்றி சொன்னார். போகலாம் என்றார்.

முடிவு வந்தபோது மற்ற எல்லாத் திறனிலும் அவள் தேறியிருந்தாள். நல்லது கெட்டது பிரித்துப் பார்ப்பதில் வகுப்பிலேயே முதல். சிந்திக்கும் திறனில் தோல்வி. ‘கேள்வி பாடத்துக்கு அப்பாற்பட்டது’ என்று குறிப்பு போட்டிருந்தார்கள். ஒரு திறனில் தோற்றாலும் பட்டம் கிடையாது. அடுத்த ஆண்டுதான் மறுபடி.

அந்த ஆண்டைத்தான் அவளால் விட்டுக்கொடுக்க முடியாது. வீடு வீடாகப் போய் மக்களிடம் கேள்வி கேட்டுக் கணக்கெடுக்கிற ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை ஆகியிருந்தது. கேள்வி கேட்பதற்குச் சம்பளம். இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று முதலில் அவளே நம்பவில்லை. மாதக் கடைசிக்குள் பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும் என்று அவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

கல்லூரியும் கதவை முழுதாக அடைத்துவிடவில்லை. முதல்வர் சொல்லி அனுப்பினார். பதற்றத்தில் தவறாகப் புரிந்துகொண்டு கேட்டுவிட்டேன், கல்லூரியின் புள்ளிவிவரம் சரியானதே, நடந்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யலாம் என்றார்.

குறுக்கு வாய் திறப்பதற்குள் மாமா குடையை எடுத்துவிட்டார். நீ பேசினா இருக்கறதும் போயிடும், பேச வேண்டியவன் நான் என்று கிளம்பினார். மதியம் போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். முகத்தில் பேரம் படிந்த களை. கடையில் வாடிக்கையாளர் இருந்தும் பொருட்படுத்தவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததை நடித்தே காட்டினார். முதல்வர் ஒரு பக்கம் என்றார், நான் சின்னப் பொண்ணுக்கு ஒரு பக்கம் எதுக்கு என்றேன். அரைப் பக்கத்துக்கு வந்தார். எழுந்துவிட்டேன். கூப்பிடு நடை. கூப்பிடவில்லை. குடைக்குத் திரும்பிப் போனேன். நாலு வரி என்றார். புள்ளிவிவரம் சரிங்கறதை எடுத்துடுங்க என்றேன். எடுத்துவிட்டார்.

“கடைசில எதுல முடிஞ்சது தெரியுமா? ஒரே வரி. ‘தவறாகக் கேட்டதற்கு வருந்துகிறேன்.’ அவ்வளவுதான். ஒரு பக்கத்தை ஒரு வரிக்குக் கொண்டுவந்திருக்கேன்.”

அம்மா பெருமூச்சு விட்டாள். பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. வாடிக்கையாளர்கூட, ஒரு வரிதானே, நல்ல முடிவு என்றார். டைல்ஸ் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த குறுக்கு மட்டும் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. பேரத்திலும் இல்லை. வாழ்நாள் முழுக்க விலையைக் குறைத்தே பழகியவர், விலை குறைந்த சந்தோஷத்தில் எதற்கு விலை பேசுகிறோம் என்று கேட்க மறந்துவிட்டார்.

“மாமா, சரக்கு விக்கறதுக்கில்ல.”

“என்னது?”

“அந்த ஒரு வரி. அது விக்கறதுக்கே இல்ல. நீங்க போய் விலை பேசி முடிச்சிட்டு வந்திருக்கீங்க.”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது. ஒரு வரிடி, ஊதினா பறந்துடும், அதுக்காக வேலையையும் வருஷத்தையும் விடுவியா என்றார். அவள் நிதானமாகவே சொன்னாள். ஒரு பக்கமாக இருந்தால்கூட நடுவில் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம். ஒரே வரியில் எங்கே ஒளிவது? நான் தவறாகக் கேட்டேன் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. நான் தவறாகக் கேட்கவில்லை. அதை எழுதிக் கொடுத்துவிட்டு வீடு வீடாகப் போய் யாரை என்ன கேட்பேன்?

அம்மா அழுதாள். மாமா அன்று இரவு சாப்பிடும்போது யாரோடும் பேசவில்லை, சோற்றோடுகூடப் பேசவில்லை. கடைசியில், நீயே வந்து அவர் முகத்துக்கு நேரா சொல்லு, நான் வாக்குக் கொடுத்துட்டு வந்தவன் என்றார். சரி என்றாள். அக்காவும் வருகிறேன் என்றாள். எதற்கு என்று கேட்டால், நான் மேலாளரா எப்படி இருக்கேன்னு ஒரு தடவை பாக்கணும் என்றாள்.

மறுநாள் காலை மூவரும் போனார்கள். அக்கா நடைவழியில் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே முதல்வரும் கையேடும் இருந்தார்கள். மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. மாமா உட்கார்ந்து குடையை நாற்காலிக் கையில் மாட்டினார். மாட்ட வேண்டும் என்று நினைத்து மாட்டியதில்லை. கை அதுவாகவே மாட்டியது.

குறுக்கு தாளைத் தொடவில்லை. எந்தக் கேள்வி தவறு என்று சொன்னால் அதற்கு மட்டும் வருத்தம் எழுதித் தருகிறேன் என்றாள். முதல்வர் கெட்ட மனிதர் இல்லை. களைத்த மனிதர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று சொல்லித்தான் அடுத்த ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“கேள்வி தப்புன்னு நான் சொல்லலைம்மா. கேட்ட இடம் தப்பு.”

“அப்ப அதையே எழுதுவோம் சார். ‘கேள்வி சரி, இடம்தான் தப்பு.’ நான் எழுதறேன். கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க.”

மாமாவின் தோள் லேசாகக் குலுங்கியது. இருமல் மாதிரிக் காட்டிக்கொண்டார். எதிராளியின் வாயிலிருந்து விழுந்ததை எடுத்து எதிராளிக்கே விற்பதென்றால், அது அவருக்கே எப்போதாவதுதான் வாய்க்கும்.

முதல்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அப்படியெல்லாம் எழுத முடியாது என்றார். குறுக்கு பேராசிரியரிடம் திரும்பினாள். பையிலிருந்து கையேட்டை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். எண்ணைச் சொல்பவரிடம், யாரைக் கேட்டு எண்ணினீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள் என்று அவரே எழுதியிருந்தார். தயங்காதீர்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

“இது பாடத்துக்குள்ளதானே சார் இருக்கு?”

பேராசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். தான் எழுதியதை யாராவது செய்துபார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காதவரின் பார்வை. பிறகு முதல்வரைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அதற்குமேல் பார்க்க எதுவும் இல்லாததால் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

பேச்சு உடைந்துவிட்டது என்பது மாமாவுக்கு எலும்பிலேயே தெரியும். எழுந்தார். வணக்கம் சொன்னார். “அப்ப நாங்க கிளம்பறோம் ஐயா” என்று இழுத்தார். அந்த இழுப்பில் அரை வரிக்கு இறங்கி வர இடம் இருந்தது. குறுக்கும் எழுந்தாள். நாற்காலிக் கையில் குடை அதன் போக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு கணம் பார்த்தாள். அது அங்கே இருந்தால் கொஞ்ச நேரத்தில் மாமா திரும்பி வருவார். ஒரு வரி அரை வரியாகும். அரை வரி ஒரே சொல்லாகும். அந்தச் சொல் ‘வருந்துகிறேன்’ என்றுதான் இருக்கும். மாமா வாசலை நோக்கித் திரும்பியிருந்தார். அவள் குடையை எடுத்து முழங்கையில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

நடைவழியில் மாமா தன் நடையைத் தொடங்கினார். முதுகு காதாகிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. திருப்பத்தில் நின்றார். நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

“அடடா, குடை.”

“இந்தாங்க மாமா.”

தன் குடையை யாரோ புதிதாகச் செய்து கொடுத்தது போல் அவர் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்ததில்லை. அந்த நேரம் பார்த்து முதல்வர் அறைக் கதவு திறந்தது. முதல்வரே வெளியே தலையை நீட்டினார். கூப்பிடவில்லை, ஆனால் கதவை மூடவும் இல்லை.

மாமாவின் கண் பளிச்சிட்டது. குரலைத் தணித்தார்.

“பாத்தியா, வந்துட்டாரு. இப்ப திரும்பினா நாம சொன்னதுதான் விலை.”

“மாமா, இது உங்க நடை இல்ல. நான் நிஜமாவே போறேன்.”

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். போவது மாதிரிப் போவதை அவர் கரைத்துக் குடித்தவர். போவதற்காகவே போகிறவர்களை அவர் கடைக்குள் நின்று பார்த்ததுண்டு. அப்படிப்பட்டவர்களைப் பேரம் படியாத ஆள் என்று சொல்லி உள்ளுக்குள் கொஞ்சம் பயப்படுவார். தன் வீட்டிலேயே ஒருத்தி வளர்ந்துவிட்டாள் என்பது இப்போதுதான் உறைத்தது. கதவில் நின்றவரை ஒரு முறை பார்த்தார். பிறகு குடையை இடுக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார். முதுகில் காது இல்லாத நடை அவருக்குப் புதிது. கால் கொஞ்சம் பின்னிற்று.

நடைவழிக் கடைசியில் அக்கா நின்றிருந்தாள். சுவரில் ஒரு சதுரம் மட்டும் அழுக்கில்லாமல் வெளுப்பாக இருந்தது, நடுவில் ஒரு ஆணி. கண்ணாடிச் சட்டம் அவள் மார்போடு இருந்தது.

“என்னடி இது?” என்றார் மாமா.

“வேலைய விட்டுட்டேன் மாமா.”

அறைக் கதவிலிருந்து யாரோ எதையோ சொன்னார்கள். இந்த முறை கூப்பிட்டதாகவே இருக்கலாம். யாரும் திரும்பவில்லை. மாமா மட்டும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

கீழே தேர்வு அலுவலகத்தில் மறுதேர்வுக்கு விண்ணப்பம் கொடுக்கும் சன்னல் இருந்தது. அடுத்த ஆண்டு என்றாலும் விண்ணப்பத்தை இப்போதே கொடுக்கலாம். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வேண்டும், மூடிய அறையில் இல்லாமல் சபை முன்னால் கேள்வி கேட்க வேண்டும் என்றால் மாணவர் அதையும் கோரலாம் என்று விதி இருந்தது. இதுவரை யாரும் கோரியதில்லை. குறுக்கு இரண்டையும் கோரினாள். சன்னலுக்குள் இருந்த எழுத்தர் அவளுடைய பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கதை அவர்வரை வந்துவிட்டது போலும். குரலைத் தாழ்த்தி, நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அடுத்த வருஷமும் அதே மேசைதான், அதே அட்டைதான் வரும்மா என்று.

“வரட்டும் சார். நானும் அதே கேள்விதான் வெச்சிருக்கேன்.”

எழுத்தர் முத்திரை குத்தினார். கொஞ்சம் தேவைக்கு மேலேயே ஓங்கிக் குத்தியது போல் அவளுக்குப் பட்டது.

வெளியே வந்து கணக்கெடுப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். சான்றிதழ் வராது என்றாள். ஏன் என்று கேட்டார்கள். சொன்னாள். எதிர்முனையில் இருந்த அம்மாள் முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, இடத்தை வைத்திருக்க முடியாது, அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள், அப்போது இந்தக் கதையை முதலிலேயே சொல்லுங்கள் என்றாள். வேலை போனது போனதுதான். குறுக்கு தொலைபேசியைப் பைக்குள் போட்டாள்.

வாசலுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அக்கா சட்டத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள். இரண்டு பேரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா குடையைப் பார்த்தார். கொக்கியை நெம்பினார், திறக்கவில்லை. முழங்காலில் தட்டினார். இரண்டு கையாலும் உலுக்கினார். துருப்பிடித்த கம்பிகள் முனகிக்கொண்டு விரிந்தன. ஒரு பக்கம் விரிந்தே விட்டது, மறுபக்கம் பாதியில் நின்றுகொண்டது.

“வாங்கினதுலேர்ந்து இன்னைக்குத்தான் குடையா இருக்கு” என்றார் மாமா, அரை விரிப்பை அவள் தலைக்கு நேராகப் பிடித்தபடி. தான் நனைவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைத்தெரு திரும்புகிறவரை மூன்று பேரும் இடித்துக்கொண்டே நடந்தார்கள். தெருமுனை வந்ததும் மாமா தொண்டையைக் கனைத்தார்.

“அடுத்த வருஷம் சபை முன்னால கேக்கறப்போ யாரும் வரலாம்தானே?”

“வரலாம் மாமா.”

“வரேன். குடை எடுத்துட்டு வரமாட்டேன்.”